விளி ஏற்கும் அரசு: ஒரு தொலைபேசி அழைப்பை முன்வைத்து

2021 டிசம்பரில் நான் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், மார்கன்டவுன் என்ற ஊரில், மகள் வீட்டில் இருந்தேன். நிலக்கரிச் சீமை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டும். கணவர் சுரங்கத் தொழிலாளி. நுரையீரல் முழுக்கக் கரித்தூசு படிந்து, கடைசி இரண்டு வருஷம் ஆக்சிஜன் குழாயோடு கிடந்து செத்தவர். ஒருநாள் காலை அந்த அம்மா சமையலறை மேசையில் ஒரு துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு தன் செனட்டரின் அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு சின்னப் பெண்ணின் குரல். பெயர் என்ன, ஜிப் கோடு (நம்ம ஊர் பின்கோடு) என்ன என்று மரியாதையாகக் கேட்டது. அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: 'அந்த மசோதாவுக்கு ஓட்டுப் போடச் சொல்லும்மா. குழந்தைகளுக்கு மாசாமாசம் வர்ற பணம் நிக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் மாதிரி நுரையீரல் போனவங்களுக்கு இருக்கிற நிதியும் நிக்கக்கூடாது.' 'செனட்டரிடம் தெரிவிக்கிறேன்' என்றது குரல். முடிந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. 'அவ்வளவுதானா?' என்று மகளிடம் தமிழில் கேட்டேன்.

ஊர் திரும்பி இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார். 'இது மனுப்போடுற புத்தி தோழர். ஜமீன்தார் வாசல்ல கைகட்டி நின்னவன் இப்ப போன்ல நிக்கிறான்.' இந்தச் சிரிப்பு நம் சூழலுக்குப் புதிதல்ல. நாடாளுமன்றத்தைப் பன்றித் தொழுவம் என்று சொல்லியே இருபது வருஷம் ஓட்டியவர்களில் நானும் ஒருவன். இக்கட்டுரை அந்த நண்பருக்குப் பதில். கூடவே, அமெரிக்காவில் குடியேறி வாழும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோளும்.

முதலில் அந்த மசோதா. 'பில்ட் பேக் பெட்டர்' என்று பெயர். 2021 நவம்பர் 19 அன்று கீழவையில் 220க்கு 213 என்ற வாக்கில் நிறைவேறி மேலவையான செனட்டுக்கு வந்தது. குழந்தைகளுக்கான மாதாந்திர உதவி, நான்கு வார ஊதிய விடுப்பு, சிறு பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி, இவற்றோடு தூய எரிசக்திக்கும் பருவநிலைக்குமாகச் சுமார் 55,500 கோடி டாலர். சோறும் சூரிய மின்சாரமும் ஏன் ஒரே மூட்டையில்? சித்தாந்தம் அல்ல, அவை விதி. செனட்டில் சாதாரண மசோதா மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 100இல் 60 பேர் வேண்டும். வரவுசெலவு சார்ந்த மசோதாவுக்கு 'ரிகன்சிலியேஷன்' என்று ஒரு குறுக்குவழி உண்டு. வெறும் பெரும்பான்மை போதும். அந்த வழி எப்போதாவதுதான் திறக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஏற்றுகிறார்கள். செனட் அப்போது 50க்கு 50. ஆளும் கட்சியில் ஒருவர் முரண்டு பிடித்தால் கதை முடிந்தது. அந்த ஒருவர்தான் மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்ச்சின். அவர் குடும்பத் தொழிலே நிலக்கரி வியாபாரம்.

ஆனால் இந்த மூட்டைக்கு விதியைத் தாண்டிய ஒரு நியாயமும் இருக்கிறது. அதை எனக்குப் புரியவைத்தது அந்த அம்மாவின் துண்டுச்சீட்டுத்தான். நிலக்கரியை நிறுத்து என்று பருவநிலைக் கொள்கை சொல்கிறது. சரி, நிறுத்தினால் கூலி போவது யாருக்கு? கம்பெனி திவாலானால் நோயாளித் தொழிலாளிக்கு உதவித்தொகை தருவது கருநுரையீரல் நிதி. அது நிலக்கரி மீது டன்னுக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரியில் ஓடுகிறது. அந்த வரியின் உயர்ந்த விகிதம் 2021 இறுதியோடு காலாவதியாக இருந்தது; அதை நீட்டிக்கும் பிரிவு இதே மசோதாவில் இருந்தது. சுரங்கப் பகுதிகளில் தொழிற்சாலை அமைக்கச் சலுகையும் இருந்தது. டிசம்பர் 19 அன்று மான்ச்சின் தொலைக்காட்சியில் 'என்னால் முடியாது' என்று அறிவித்ததற்கு மறுநாள், சுரங்கத் தொழிலாளர் சங்கமே எதிர்ப்பை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டது. பசுமை அரசியல் என்றாலே தொழிலாளிக்கு எதிரி என்ற பேச்சை இந்த ஒரு சம்பவம் போதும், உடைத்துப் போட.

என்ன ஆயிற்று? மசோதா செத்தது. குழந்தைப் பணத்தின் கடைசித் தவணை டிசம்பர் 15 அன்றே வந்துவிட்டிருந்தது. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் துணை அளவுகோல்படி 2021இல் குழந்தை வறுமை 5.2 சதவீதம், 2022இல் 12.4. ஒரே வருஷத்தில் இரு மடங்குக்கு மேல். 2022 ஆகஸ்டில் மான்ச்சின் சம்மதத்தோடு வேறொரு சட்டம் 51க்கு 50 என்று நிறைவேறியது. எரிசக்திக்கும் பருவநிலைக்கும் சுமார் 36,900 கோடி டாலர் கிடைத்தது. கருநுரையீரல் வரி நிரந்தரமாயிற்று. குழந்தைப் பணம் வரவில்லை. துண்டுச்சீட்டில் இருந்த இரண்டில் ஒன்று.

போன் போட்டதால்தான் அந்த ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் போன் என்ன செய்கிறது என்பதை விளக்கியாக வேண்டும். எடுப்பவர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் உதவியாளர் அல்லது பயிற்சி மாணவர். பெயர், ஜிப் கோடு, எந்த மசோதா, ஆதரவா எதிர்ப்பா என்று கணினியில் பதிகிறார். வழக்கமாக அந்தப் பதிவுகள் தொகுக்கப்பட்டு மேலே போகின்றன: இன்ன விஷயத்தில் ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை. ஜிப் கோடு தொகுதிக்கு வெளியே என்றால் உங்கள் சொல்லுக்கு மதிப்பு அநேகமாக இல்லை. கடிதம் எழுதலாமே என்றால், 2001இல் ஆந்த்ராக்ஸ் தடவிய கடிதங்கள் வந்தபின் தபால் முழுக்கப் பரிசோதனைக்குப் போய்த் தாமதமாகத்தான் மேசைக்கு வருகிறது. நாளைக்கு ஓட்டெடுப்பு என்றால் இன்றைக்குப் போன்தான்.

அல்தூஸரின் அந்தத் தெருக்காட்சி நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. போலீஸ்காரன் 'ஏய், உன்னைத்தான்' என்கிறான், போகிறவன் திரும்புகிறான், திரும்பிய கணத்தில் அவன் அரசுக்கு உட்பட்ட தன்னிலை ஆகிறான். அதிகாரம் விளிக்கிறது, நாம் திரும்புகிறோம். மார்கன்டவுன் சமையலறையில் நான் பார்த்தது இதன் மறுபக்கம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே உண்டு. அவன், இவன் என்ற சுட்டுப்பெயர்கள் விளி ஏற்பதில்லை என்கிறது அது. (இலக்கண விதியை அரசியலுக்கு இழுப்பதாகப் பண்டிதர்கள் கோபிக்கலாம். கோபிக்கட்டும்.) அரசைப் பற்றி நம் பேச்செல்லாம் சுட்டுப்பெயரில்தான் நடக்கிறது: 'அவங்க வெலைய ஏத்திட்டாங்க', 'அவங்க எதுவும் செய்யமாட்டாங்க.' அவங்களை யாரும் கூப்பிட முடியாது. போனை எடுத்து, பெயர் சொல்லி, 'உங்க செனட்டர்கிட்ட சொல்லுங்க' எனும்போது படர்க்கை முன்னிலையாகிறது. உடனே அரசும் தன் கேள்வியைப் போடுகிறது: ஜிப் கோடு? அங்கேயும் அது நம்மை ஓர் எண்ணாக்கித்தான் கேட்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவைத் தொடர்ந்து என் மகளும் போன் போட்டாள். அவளிடம் இருந்தது பச்சை அட்டை மட்டும், குடியுரிமை இல்லை. கேட்டது ஜிப் கோடுதான். குடியுரிமை பற்றிய கேள்வியே வரவில்லை. அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 14ஆம் திருத்தம் கீழவை இடங்களைப் பங்கிட எண்ணச் சொல்வது வாக்காளர்களை அல்ல, ஆட்களை. முறையீடு செய்யும் உரிமை 1791இல் முதல் திருத்தத்திலேயே எழுதப்பட்டது. 1830களில் அடிமை முறையை எதிர்த்து மனுக்களைக் குவித்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். ஒருவருக்கும் வாக்குரிமை கிடையாது. அந்த மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கக் கீழவை 1836இல் ஒரு வாய்ப்பூட்டு விதி போட்டது. அதை நீக்க 1844 வரை ஆயிற்று. மனு வெறும் காகிதம் என்றால் எட்டு வருஷம் எதற்குப் பூட்டு?

நண்பரின் கேள்வியில் நியாயமான பகுதி ஒன்று இருக்கிறது. முதலாளிகளின் தரகர்கள் போன் போட்டு வரிசையில் காத்திருப்பதில்லை. நேரே உள்ளே போகிறார்கள். 1968 நவம்பரில் மார்கன்டவுனுக்கு அருகே பார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் செத்தார்கள். மறு பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கருநுரையீரலுக்கு இழப்பீடு பிறந்தது அந்த வேலைநிறுத்தத்தில்தான். 2017இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒழிக்கும் முயற்சி செனட்டில் 49க்கு 51 என்று தோற்றபோதும், மணிக்கணக்கில் அலறிய தொலைபேசிகளோடு, தலைவர் அலுவலக வாசலில் சக்கர நாற்காலியோடு போய்க் கைதான 43 பேரும் இருந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று வைப்பதே தப்பு. தெருவுக்கு வர முடியாத எழுபது வயசுக்காரிக்கு எது கைக்கு எட்டுமோ அது.

இப்போது இதை எழுதக் காரணம் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம். செனட்டில் அதே குறுக்குவழி, அதே 51க்கு 50. கட்டிய மூட்டையை அதே வழியில் அவிழ்த்திருக்கிறார்கள். மின்சாரக் காருக்கான வரிச்சலுகை அந்த செப்டம்பரோடும், வீட்டுக் கூரை சூரியத்தகட்டுக்கானது வருஷ முடிவோடும் போயிற்று. உணவு உதவி வெட்டப்பட்டது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு பெறும் பெரியவர்களில் பெரும் பகுதியினர், 2027 ஜனவரிக்குள் தொடங்கும் விதிப்படி, மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததைக் காட்டியாக வேண்டும். வேலை செய்தாலும் காட்டத் தெரியாவிட்டால் போச்சு. 2018இல் ஆர்கன்சா மாநிலம் இதைச் செய்து பார்த்தபோது சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். 2019இல் நீதிமன்றம் நிறுத்தியது.

ஆகவே அங்கிருக்கும் தோழர்களே, உறவுகளே, போன் போடுங்கள். வாஷிங்டனுக்கு மட்டுமல்ல, மெடிக்கெய்ட் விதியை நடைமுறைப்படுத்துவது மாநிலங்கள் என்பதால் உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கும். பச்சை அட்டையோடும் விசாவோடும் இருப்பவர்களின் பயம் இன்றைய நிலையில் நியாயமானது. அவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். குடியுரிமை வாங்கி, வீடும் வாங்கி, 'நமக்கெதுக்கு அரசியல்' என்பவர்களைத்தான் வற்புறுத்துகிறேன். ஒரு அழைப்புக்கு ஒரு விஷயம். மசோதாவின் பெயரையோ எண்ணையோ சொல்லுங்கள். அமைப்புகள் அச்சடித்துத் தரும் வசனத்தை அப்படியே ஒப்பிக்காமல், உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளை, ஒரு மருந்துச் சீட்டை, ஒரு கரண்ட் பில்லைச் சொல்லுங்கள். எடுக்கும் பிள்ளையிடம் கோபப்படாதீர்கள், அது சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. தலைநகர் இணைப்பு கிடைக்காவிட்டால் உள்ளூர்க் கிளை அலுவலகத்துக்குப் போடுங்கள். தமிழ் உச்சரிப்பு பற்றிக் கூச்சம் வேண்டாம். ஜிப் கோடை மட்டும் நிறுத்தி, இரண்டு தடவை சொல்லுங்கள்.