இரண்டு ஆட்டம், ஆறு பதக்கம்

பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் நம் வீடுகளில் கிரிக்கெட் மட்டை பரணுக்குப் போய்விடும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தால் உருப்படாது என்பது பெரியவர்கள் வாக்கு. ஆனால் இரண்டு ஆட்டத்தில் கால் வைத்து, வேலையும் படிப்பும் விடாமல், நாட்டின் பிரதமராகவும் ஆனார் ஒருவர். அவர்தான் அயர்லாந்தின் ஜாக் லிஞ்ச்.

1917-ல் கார்க் நகரில் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அந்த நாட்டுக்கே உரிய ஆட்டங்கள் இரண்டு. ஹர்லிங் என்பது பார்வைக்கு ஹாக்கி மாதிரி. ஆனால் பந்து தலைக்கு மேலே பறக்கும்போதும் மட்டையால் அடிக்கலாம். மற்றது கேலிக் கால்பந்து. அதில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம். இரண்டிலும் அணிக்கு 15 பேர். லிஞ்ச் இரண்டிலும் கார்க் அணிக்கு ஆடினார்.

ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு ஒரு செய்தி தனி மகிழ்ச்சி தந்தது. அங்கே மாகாணங்களுக்கு இடையிலான போட்டிக்கு 'ரயில்வே கோப்பை' என்றே பெயர். 1927-ல் தொடங்கிய அந்தப் போட்டிக்குக் கோப்பை தந்தது கிரேட் சதர்ன் ரயில்வே கம்பெனி. லிஞ்சும் மன்ஸ்டர் மாகாணத்துக்காக அதில் ஆடியவர். நம் ரயில்வே நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுக்கும். அயர்லாந்திலோ இந்த ஆட்டங்களுக்குச் சம்பளமே கிடையாது. லிஞ்ச் நீதிமன்ற அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார்.

எடுத்ததும் வெற்றி வந்துவிடவில்லை. 1939 செப்டம்பர் 3, ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்த நாள். அன்றுதான் டப்ளினில் ஹர்லிங் இறுதி ஆட்டம். இடியும் மழையும் கொட்ட, லிஞ்ச் தலைமையில் ஆடிய கார்க் அணி ஒரே ஒரு புள்ளியில் கில்கென்னியிடம் தோற்றது.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1941 முதல் 1944 வரை நான்கு ஆண்டும் அகில அயர்லாந்து ஹர்லிங் பதக்கம். 1945-ல் கால்பந்துப் பதக்கம்; வழக்கறிஞர் ஆனதும் அதே ஆண்டில்தான். 1946-ல் மறுபடி ஹர்லிங். தொடர்ந்து ஆறு ஆண்டு, ஆறு பதக்கம்! அதற்கு முன் யாரும் அப்படி வாங்கியதில்லை.

1948-ல் பாராளுமன்ற உறுப்பினரானார். 1966 முதல் 1973 வரையும், 1977 முதல் 1979 வரையும் பிரதமர். 1973-ல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது அவர் ஆட்சியில்தான். 1999 அக்டோபரில் காலமானார். கார்க்கில் லீ ஆற்றுக்கு அடியில் அதே ஆண்டு திறந்த சாலைச் சுரங்கத்துக்கு அவர் பெயர். கரையில் வார்த்த கான்கிரீட் கூடுகளை மிதக்கவிட்டு இழுத்து வந்து, ஆற்றுப்படுகையில் தோண்டிய பள்ளத்தில் இறக்கிப் பொருத்திய சுரங்கம் அது. என்னைப் போன்ற பொறியியல்காரனுக்கு அதுவும் ஒரு விருந்து.

எல்லாப் பிள்ளையும் லிஞ்ச் ஆகிவிட முடியாதுதான். பரீட்சையும் முக்கியம்தான். ஆனால் சாயங்காலம் ஒரு மணி நேரம் மைதானத்துக்குப் போகும் பிள்ளையைப் பார்த்து, "படிப்பு போச்சு" என்று சொல்லும் முன் பெற்றோர் இந்தத் தையற்காரர் மகனைச் சற்று நினைத்துக்கொள்ளலாமே!