புகையும் இளைப்பும்

புகை பிடித்துப் பழகிய முதியவர் ஒருவர் நாலு படி ஏறி மூச்சு வாங்கி நின்றால், அவருக்குக் காற்று உள்ளே போகவில்லை என்றே பலரும் கருதுவர். பெரும்பாலும் நிகழ்வது அதற்கு மாறானது. உள்ளே போன காற்று முழுதும் வெளியேறாமல் தங்கிவிடுவதே அவர்தம் துன்பத்திற்கு முதற்காரணம். இஃது எவ்வாறு நேர்கிறது?

மூச்சுக்குழல் நெஞ்சினுள் இருபதுக்கு மேற்பட்ட முறை கிளைத்துச் சென்று, முப்பது கோடிக்கும் குறையாத நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது. அவற்றின் சுவர்களை விரித்துப் பரப்பினால் ஒரு பூப்பந்து ஆடுகளத்திற்குச் சற்றுக் குறைந்த இடம் வேண்டும். அச்சுவர்களில் எலாஸ்டின் என்னும் இழைகள் உள்ளன. மூச்சை இழுக்கத் தசைகள் உழைக்கின்றன. விடும்போதோ இழுத்து விட்ட ரப்பர் வளையம்போல் இவ்விழைகள் தாமே சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடுகின்றன.

ரப்பர் என்றதும் ஒன்று நினைவிற்கு வருகிறது. சிலிபினிலும் பேராக்கின் பிற பகுதிகளிலும் தோட்ட வாழ்வை அறிந்த பெரியோர், பால் தகடுகளைக் கொட்டகையில் நாட்கணக்காகப் புகையூட்டியதை மறந்திரார். புகை அத்தகடுகளைப் பூஞ்சணம் பிடியாமல் காத்தது. நுரையீரலில் உள்ள ரப்பருக்கோ அதுவே பகையாகிறது.

புகை புகுந்ததும் அதனை எதிர்க்க வெள்ளணுக்கள் திரள்கின்றன. அவை சுரக்கும் நொதி எலாஸ்டினையே அரிக்கவல்லது. அதனை அடக்கக் கல்லீரல் ஒரு புரதத்தை அனுப்புகிறது. புகை அப்புரதத்தையும் செயலிழக்கச் செய்கிறது. நாளடைவில் சுவர்கள் இற்று, சிற்றறைகள் பல கூடிப் பேரறைகளாகின்றன. சிறு மூச்சுக்குழல்களைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருந்தவையும் இச்சுவர்களே. ஆதலின் மூச்சை விடுங்கால் அக்குழல்கள் அமுங்கி மூடிக்கொள்ள, காற்று உள்ளே சிறைப்படுகிறது. நிறைந்த குடம் மேலும் நீர் கொள்ளாதன்றோ! எம்பைசீமா என மருத்துவர் கூறும் நிலை இதுவே. நோயாளர் சிலர் சீழ்க்கை அடிப்பவர்போல் உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடுவதைக் காணலாம். வாயருகே காற்றைச் சிறிது தடுத்தால் உள்ளழுத்தம் கூடிக் குழல்கள் மூடாமல் நிற்கும். அதனை உடலே கண்டுகொள்கிறது.

தமிழில் இளைத்தல் என்பது மெலிதலையும் மூச்சு வாங்குதலையும் ஒருங்கே குறிக்கும். நோய் முற்றியவர் மூச்சு விடுவதற்கே வலிமையைச் செலவிட்டு மெலிந்துபோவதைக் காண்போர்க்கு இச்சொல்லின் பொருத்தம் விளங்கும்.

பீடி தீங்கு குறைந்தது என்னும் எண்ணம் நம்மவரிடை உண்டு. அது எளிதில் அணைவதால் அடிக்கடி இழுக்கவேண்டியிருக்கிறது. உட்செல்லும் நஞ்சு குறைவதில்லை.

மலேசியாவில் 2019 முதல் உணவகங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. 2024 அக்டோபர் 1-இல் நடப்புக்கு வந்த சட்டம் 18 வயது நிரம்பாதவர்க்குப் புகைப்பொருள் விற்பதையும் தடுக்கிறது. மாணாக்கருக்கு இது நற்காவல். நாற்பது ஆண்டு புகைத்த பாட்டனாரோ, “இனி விட்டு என்ன பயன்?” என்கிறார்.

அழிந்த காற்றறை மீண்டும் முளைக்காது என்பது உண்மையே. ஆயினும், லண்டன் தொழிலாளரை ஆராய்ந்த பிளெட்சரும் பீட்டோவும் 1977-இல் வெளியிட்ட முடிவின்படி, புகையை விட்டவரது நுரையீரல் தேயும் வேகம் புகையாதவரது வேகத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. 1951 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ரிச்சர்டு டாலும் உடனாய்வாளரும் 2004-இல் ஒரு கணக்குத் தந்தனர்: தொடர்ந்து புகைத்தவரைவிட, 30 வயதில் விட்டவர் ஏறத்தாழ 10 ஆண்டும், 40-இல் விட்டவர் 9 ஆண்டும், 50-இல் விட்டவர் 6 ஆண்டும், 60-இல் விட்டவர்கூட 3 ஆண்டும் மிகுதியாக வாழ்கின்றனர்.