கண்ணாடிப் படுதா: கழுவுவதும் சுருட்டுவதும்



ஓ.எம்.ஆர். சாலை ஓரத்தில் டிபன் கடை, பஜ்ஜிக் கடை, மீன் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் பலர் இப்போது மழைச்சாரலுக்கும் புழுதிக்கும் கண்ணாடி மாதிரி தெரியும் பி.வி.சி. படுதாவைக் கட்டுகிறார்கள். தார்ப்பாய் கட்டினால் கடை திறந்திருப்பதே வெளியே தெரியாது. இதில் வெளிச்சமும் வரும், வாடிக்கையாளரும் உள்ளே பார்ப்பார். ஆனால் விலை தார்ப்பாயைவிட அதிகம். குழுக் கடனில் வாங்கியது, தவணை முடிவதற்குள் மங்கிப் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

இதே படுதாவை வெளிநாடுகளில் தூண்டில் மீன்பிடிக்கும் பெரிய படகுகளில் ஓட்டுபவரைச் சுற்றி ஜிப் வைத்துக் கட்டுகிறார்கள். நம் கோவளத்து ஃபைபர் படகுகள் திறந்த படகுகள், அவற்றுக்கு இது தேவைப்படுவதில்லை. ஆனால் அந்தப் படகுக்காரர்கள் இதைப் பராமரிக்கும் முறை நமக்கு அப்படியே பொருந்தும். நாவலூரிலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். உப்புக்காற்று இங்கேயும் வரும்.

முதல் விஷயம், காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. மேலே இருக்கும் உப்பும் மணலும் உப்புத்தாள் மாதிரி தேய்த்து, கீறல் விழுந்துவிடும். கீறல் விழுந்தால் விழுந்ததுதான். முதலில் நிறைய நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றி அழுக்கை இறக்குங்கள். பிறகு மென்மையான சோப்புத் தண்ணீரில் பழைய பருத்தி வேட்டித் துணியை நனைத்து லேசாகத் துடைத்து, மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். எண்ணெய்ப் புகை படிந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். "மண்ணெண்ணெய் போட்டா பளபளன்னு ஆயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மண்ணெண்ணெய், தின்னர், கண்ணாடி துடைக்கும் திரவம் இவையெல்லாம் படுதாவைக் கெடுக்கும். தேங்காய் நாரும் கம்பி நாரும் கிட்டவே வரக்கூடாது.

அடுத்தது மடிப்பு. புடவை மாதிரி நாலாக மடிச்சு வெச்சா போச்சு. மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும், நாளாக நாளாக அங்கேதான் கிழியும். சுருட்டித்தான் வைக்க வேண்டும். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, நடுவில் பழைய வெள்ளைப் பருத்திப் புடவையை விரித்து, சேர்த்துச் சுருட்டுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை படுதாவில் ஏறிக்கொள்ளும். மத்தியான வெயிலில் கழற்றியவுடன் சுருட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; நிழலில் ஆறட்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துப் பால்போல் மங்கிவிடும். சுருளின் மேல் அரிசி மூட்டையை ஏற்றாதீர்கள். (பரணில் வைப்பவர்கள் எலியையும் கவனியுங்கள்!) ஜிப் இருந்தால் உப்பு போகக் கழுவி, காய்ந்ததும் மெழுகுவத்தியைத் தேய்த்தால் தடையில்லாமல் ஓடும்.

புயல் எச்சரிக்கை வந்தால் படுதாவை முழுதாகக் கழற்றிவிடுங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் நம்மைக் கடந்தது யாருக்கும் மறந்திருக்காது. கட்டியிருக்கும் படுதா அந்தக் காற்றில் பாய்மரத்துப் பாய்தான், கம்பத்தையும் சேர்த்து இழுத்துப் போகும். பாதி கட்டி பாதி தொங்க விடுவது அதைவிட மோசம். படபடவென்று அடித்தே கிழிந்துவிடும்.

அடுப்பு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: அடுப்புப் பக்கம் படுதா வேண்டாம். சூட்டில் இளகும், தீப்பிடித்தால் வரும் புகை தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். கேஸ் சிலிண்டர் உள்ளே இருக்கும்போது மழைக்காக நாலு பக்கமும் மூடாமல், ஒரு பக்கத்தைத் தரை வரை திறந்தே வையுங்கள்; கசிந்த கேஸ் தாழ்வாகத்தான் தேங்கும். கிழிந்துபோன படுதாவை அடுப்பெரிக்கவோ குப்பையோடு கொளுத்தவோ கூடாது. நல்ல பகுதியை வெட்டி கல்லாப்பெட்டிக்கோ தையல் மெஷினுக்கோ உறையாகத் தைத்துக்கொள்ளலாம்.