கருவிப் பெயர்களில் இடமும் காலமும்: லினக்ஸ் கெர்னலின் பெயரிடு மரபு

கணிப்பொறியின் இயக்க முறைமையில் மையமாக நின்று வன்பொருளை ஆள்வது கெர்னல் ஆகும். வட்டு, வலையமைப்பு அட்டை முதலிய கருவிகள் 'பஸ்' எனப்படும் தரவுப் பாதைகளின் வழியே அதனோடு இணைகின்றன. இணைந்த ஒவ்வொன்றும் ஒரு பெயரால் சுட்டப்பெற வேண்டும். அப்பெயர்கள் மனிதர் ஆக்கியவை. ஆதலின் மொழியியல் ஆய்வுக்கும் உரியவை. நன்னூல், பெயர்ப் பகுபதங்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறன் அடியாகப் பிறப்பனவாக வகுக்கிறது. அவற்றுள் முதல் மூன்றுமே லினக்ஸ் கெர்னலின் பெயர்களை விளக்கப் போதுமானவை.

பழைய ஐ.டி.இ. வட்டுகள் எச்.டி.ஏ. முதலாகப் பெயர் பெற்றன. ஏ, பி ஆகியன முதல் இணைப்பின் இரு வட்டுகளையும், சி, டி ஆகியன இரண்டாம் இணைப்பின் வட்டுகளையும் குறித்தன. 'பி' இல்லாவிடினும் 'சி' என்பது 'சி'யாகவே நின்றது. எனவே இவை இடப்பெயர்கள். மாறாக எஸ்.டி.ஏ. என்பது காலப்பெயர்: முதலில் கண்டறியப்பட்ட வட்டு 'ஏ', அடுத்தது 'பி'. 'எஸ்.டி.' என்பது தொடக்கத்தில் ஸ்கசி வகை வட்டையே குறித்தது. பின்னர் சாட்டா, யு.எஸ்.பி. வட்டுகளையும் தழுவிப் பொருள் விரிந்தது. 2021-இல் வெளிவந்த 5.14 பதிப்பில் பழைய ஐ.டி.இ. நிரல்கள் நீக்கப்பட்டன.

காலப்பெயர் எளியது, ஆனால் நிலையற்றது. இன்று எஸ்.டி.பி. எனப்பட்ட வட்டு, அடுத்த முறை கணிப்பொறி இயங்கும்போது எஸ்.டி.ஏ. ஆகலாம். வட்டை அழிக்கும் கட்டளையோ பெயரை மட்டுமே நோக்கும். ஈ.டி.எச்.0, ஈ.டி.எச்.1 என்னும் இரு வலையமைப்பு அட்டைகளின் பெயர்கள் தம்முள் மாறினால், வெளிவாயிலுக்கு வகுத்த தீயரண் விதிகள் உள்வாயிலுக்குச் சென்று சேரும்.

இதனை நீக்கவே 2013-இல் சிஸ்டம்டி 197-ஆம் பதிப்பு இடப்பெயர்களை வலையமைப்பு அட்டைகளுக்கு வழங்கியது. கெர்னல் முதலில் ஈ.டி.எச்.0 என்றே பெயரிடும். அதன்பின் இச்சேவை அதனை மாற்றும். பி.சி.ஐ. பஸ்ஸில் 0000:03:00.0 என்னும் முகவரியுடைய அட்டை இ.என்.பி.3.எஸ்.0 ஆகிறது. இப்பெயர் தமிழ்ச் சொல்லைப் போன்றே ஒட்டுநிலை அமைப்புடையது: 'இ.என்.' ஈதர்நெட், 'பி.3' மூன்றாம் எண் பஸ், 'எஸ்.0' அதிலுள்ள கருவியின் எண். முகவரி பதினாறடிமான எண்களிலும் பெயர் பதின்ம எண்களிலும் அமைவதால், முகவரியில் '0ஏ' எனக் காணப்படும் பஸ் பெயரில் '10' ஆகிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் படிப்போர் இங்கு இடறுவர்.

எனினும் இவ்விடப்பெயர் முழுமையான இடப்பெயர் அன்று. பஸ்களின் எண்கள் பலகையில் பொறிக்கப்பட்டவை அல்ல; இயந்திரம் தொடங்கும்போது பாலங்களை வரிசையாகத் துருவிச் சென்று வழங்கப்படுபவை. புதிய அட்டை ஒன்றைச் செருகின், அதற்குப் பின் எண்ணப்படும் பஸ் ஒன்று மூன்றிலிருந்து நான்காகலாம். அட்டை நகரவில்லை, அதன் பெயர் நகர்ந்துவிட்டது. இடம் என்ற போர்வைக்குள் காலமே மீண்டும் நுழைகிறது. காரணப்பெயரின் காரணத்தைப் பயனர் நம்புவதால், இத்தவறு ஈ.டி.எச்.0 தரும் தவறினும் நுட்பமானது.

எஞ்சுவது பொருட்பெயர். வட்டிலுள்ள கோப்பு முறைமைக்கு அதனை உருவாக்கும்போதே எழுதப்படும் யு.யு.ஐ.டி. எண், வட்டு எங்குச் செருகப்படினும் மாறாது. வாசிப்போருக்கு அது எப்பொருளும் தராத இடுகுறி. அதன் உறுதிக்கும் அதுவே காரணம். மைசூருவில் சென்னைக்குப் பயணச்சீட்டு பெறுவோர் சென்ட்ரல் நிலையத்தின் குறியீடாக எம்.ஏ.எஸ். என்பதையே காண்கின்றனர். மதராஸ் 1996-இல் சென்னை ஆயிற்று. அக்குறியீட்டை எவரும் எழுத்தெழுத்தாகப் பொருள் கொள்ளாமையால் அது தொடர்ந்து வழங்கியது. ஆனால் பொருட்பெயருக்கும் ஓர் இடர் உண்டு. வட்டை அப்படியே படியெடுத்தால் யு.யு.ஐ.டி.யும் படியெடுக்கப்பட்டு, ஒரே இயந்திரத்தில் இரு வட்டுகள் ஒரு பெயர் தாங்கும். அந்நிலையில் படிக்குப் புதிய எண்ணை வழங்கிய பின்னரே இரண்டையும் ஒருங்கே இணைத்தல் வேண்டும்.