யன்னல் மாற்றினால் லாபம் யாருக்கு?

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் பழைய செங்கல் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவருக்குக் குளிர்காலத்தில் ஒரு கேள்வி வரும்: யன்னல் இடுக்கால் காற்று வருகிறதே, வீட்டுக்காரர் ஏன் மாற்றுகிறார் இல்லை? தேத்தண்ணி ஆறுவதற்குள் கணக்கைப் பார்த்துவிடலாம்.

நோர்வேயில் 2017இல் வந்த 'தெக் 17' கட்டட விதி கடுமையானதுதான். ஆனால் அது புதுக் கட்டடத்துக்கும் பெரிய மறுகட்டுமானத்துக்கும் உரியது. இருக்கிற பழைய வீட்டின் யன்னலை மாற்றச் சொல்லி அது கட்டாயப்படுத்தாது. பழைய வீடுகளைத் தொட்ட விதிகள் வேறு: 2010 யூலை முதல் விற்கவோ வாடகைக்கு விடவோ ஆற்றல் தரச்சான்று வேண்டும், 2020 முதல் கனிம எண்ணெயில் வீட்டைச் சூடாக்கத் தடை.

உதாரணத்துக்கு, யன்னல் வேலைக்கு ஒரு இலட்சம் குறோணர் என்று வைப்போம். ஆண்டுக்கு 2,000 யூனிட் மிச்சம், யூனிட் ஒரு குறோணர் என்றால் 2,000 குறோணர் மிஞ்சும். மின்கட்டணம் குடியிருப்பவர் பெயரில் இருந்தால் அந்த மிச்சம் அவருக்கு. செலவு முழுவதும் வீட்டுக்காரருக்கு.

செலவை உடனே வாடகையில் ஏற்றலாமா? முடியாது. 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தின் நடுவில் ஆண்டுக்கு ஒருமுறை, விலைவாசிச் சுட்டெண் அளவுக்கே கூட்டலாம். இரண்டரை ஆண்டுக்குப் பிறகுதான், ஆறு மாத முன்னறிவித்தலோடு, அக்கம்பக்க வாடகை மட்டத்துக்குக் கொண்டுவர வழியுண்டு. ஆகவே திருத்திய வீட்டின் பலன் வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் அடுத்த குடியிருப்பாளரிடமோ விற்கும்போதோதான் வரும்.

வீடு 'பொறெத்ஸ்லாக்' எனும் கூட்டுச் சங்கத்தில் இருந்தால், சங்கம் கடன் வாங்கி எல்லா யன்னல்களையும் மாற்றும். வீட்டுக்காரரின் மாதப் பொதுச்செலவு ஏறும். அதைக் காட்டியும் உங்கள் வாடகையை இடையில் ஏற்ற முடியாது.

2025 அக்டோபரில் வந்த 'நோர்கெஸ்பிறிஸ்' எனும் அரசின் நிலையான மின்விலைத் திட்டத்தில் சேர்ந்தால், வரியோடு யூனிட் 50 ஊற, அதாவது அரைக் குறோணர். வலையமைப்புக் கட்டணம் தனி. மேலே சொன்ன உதாரணத்தில் உங்கள் பில் இறங்கும். யன்னலின் மிச்சமும் 1,000 குறோணராகச் சுருங்கும். மின்சாரம் மலிந்தால் திருத்தவேலைக்கான அவசரமும் குறையும்.

வாடகையிலேயே சூடாக்கும் செலவும் சேர்ந்திருந்தால் கணக்கு தலைகீழ்: மிச்சம் வீட்டுக்காரருக்கு, அவரே யன்னலைப் பார்ப்பார். அதனால் கையெழுத்துப் போடுமுன் இரண்டைக் கேளுங்கள்: தரச்சான்று எந்த எழுத்து? மின்கட்டணம் யார் பெயரில்?