பாலம் சொல்லாத பெயர்கள்

தாமிரபரணியின் மீது, திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே 11 வளைவுகளோடு நிற்கிறது சுலோசன முதலியார் பாலம். நெல்லைக்குப் போய்வந்த நம் தோழர்களில் அதைக் கடக்காதவர் குறைவு. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா பிரியும்வரை நம் சிவகாசிப் பகுதியும் திருநெல்வேலி ஜில்லாதானே!

பாலம் திறக்கப்பட்டது 1843-இல். கும்பினி ஆட்சிக் காலம். அதற்குமுன் ஆற்றைக் கடக்கப் படகுதான் கதி. வெள்ளம் புரண்டால் இரு கரையும் இரு தேசம்! கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தை வாரி வழங்கினார். ஹார்ஸ்லி என்ற பொறியாளர் திட்டம் தந்தார். 760 அடி நீளப் பாலம் எழுந்தது.

கொடுத்தவர் பெயரைப் பாலம் தாங்குகிறது. நியாயந்தான், ஈகையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கட்டுமான வேலையில் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டார்களே, அவர்கள் பெயர் என்ன? வெயிலில் காய்ந்து கல் சுமந்தவர் எந்த ஊர்? பாலம் சொல்லவில்லை.

காலம் உருண்டது. 1880-களில் பாபநாசத்தில் ஆற்றின் வீழ்ச்சி விசையிலேயே ஹார்வியின் பஞ்சாலை சுழன்றது. 1949-இல் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை எழுந்தது. தாமிரபரணிச் சீமை ஆலைச் சீமையும் ஆயிற்று. ஆலைக்கு முதலாளியின் பெயர், மூட்டைக்குக் கம்பெனியின் பெயர். உழைத்தவன் பெயரோ எதிலும் இல்லை!

எம். புதுப்பட்டித் தோழர்களுக்கு இது புதுக்கதையா? மருந்து செலுத்துகிறோம், சரம் பின்னுகிறோம். பெட்டியின் மேல் யார் பெயர்? போகட்டும், பெட்டியில் பெயர் வேண்டாம். பதிவேட்டில் இருக்கிறதா? அதுதான் கேள்வி!

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் கருகின. மறப்போமா? விபத்து நடந்த மறுநாள் குடும்பம் நஷ்டஈடு கேட்டுப் படியேறும்போது முதற்கேள்வி, "இங்கே வேலை பார்த்ததற்கு அத்தாட்சி என்ன?" என்பதுதான். பதிவேட்டில் பெயர் இல்லாதவன் செத்தும் ஆளாக மாட்டான். பி.எப்., இ.எஸ்.ஐ. என்று சட்டம் தரும் உரிமைகளுக்கெல்லாம் பெயரே திறவுகோல்.

ஆகவே தோழர்களே, வேலைக்குப் போகிற முதல் நாளே பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். தனியே கேட்கத் தயக்கமா? சங்கமாய்ச் சேர்ந்து கேளுங்கள். பாலம் கட்டியவர் பெயர் ஆற்றோடு போயிற்று. நம் பெயர் புகையோடு போக விடமாட்டோம்!