நிழலுக்கும் கோடு போடுகிறார்கள், தெரியுமா?

நொடிக்கு 24 ஃபிரேம். ஒரே ஓவியத்தை இரண்டிரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திச் சிக்கனம் பிடித்தாலும், பத்து நொடிக் காட்சிக்கு 120 ஓவியங்கள் வேண்டும். கையால் வரையும் அனிமேஷனில் அத்தனைக்கும் வண்ணம் தீட்ட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த கதை. நிழலையும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பது தெரியுமா?

1988-ல் வந்த ‘ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்’ படத்தில் ஒரு காட்சி. கார்ட்டூன் முயல் இருக்கும் அறையில், மேலே தொங்கும் விளக்கில் ஒரு மனிதரின் தலை இடித்துவிட, விளக்கு ஊசலாடத் தொடங்குகிறது. விளக்கு ஆடினால் ஒளி ஆடும். ஒளி ஆடினால் முயலின் உடம்பில் நிழல் ஓயாமல் இடம் மாறும். மாற மாற வரைந்தார்கள்! விளக்கை ஆடவிடாமலே எடுத்திருந்தால் ஒரு ரசிகர்கூடக் குறை சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பிடிவாதம் டிஸ்னியில் ‘விளக்கை இடி’ என்ற சொல்வழக்காகவே நிலைத்துவிட்டது. கேட்டதற்கு மேலே உழை என்று பொருள்.

அது கணினிக்கு முந்தைய முறை. 1990-ல் ‘தி ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்’ முழுப் படத்துக்கும் டிஸ்னி கணினியிலேயே வண்ணம் தீட்டியது. தூரிகை போனது. நிழலை எங்கே விழவைப்பது என்று முடிவு செய்யும் மனிதர் மட்டும் போகவில்லை.

எனக்கு மெய்சிலிர்ப்பது ஜப்பானியர் முறைதான். உருவத்தின் விளிம்புக்குக் கறுப்புக் கோடு. நிழல் தொடங்கும் இடத்துக்குப் பெரும்பாலும் நீலக் கோடு. பளபளப்புக்குச் சிவப்புக் கோடு! ஸ்கேன் செய்த பிறகு, ஒவ்வொரு கோட்டு வளைவுக்குள்ளும் ஒரே தட்டலில் வண்ணம் நிறையும். கோடு ஓரிடத்தில் மூடாமல் போனால் வண்ணம் பக்கத்துக்கு வழிந்துவிடும். கடைசியில் நீலமும் சிவப்பும் அடுத்திருக்கும் வண்ணத்தையே பூசிக்கொண்டு மாயமாகிவிடும். திரையில் கோடு இருக்காது, நிழல் மட்டும் நிற்கும்.

நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் போதும் என்று நினைக்கிறீர்களா? முகத்தில் கரி அப்பியது போலாகிவிடும்! தோலின் நிழலைச் சிவப்பின் பக்கமோ ஊதாவின் பக்கமோ சாய்ப்பார்கள். காட்சி முழுவதற்கும் அந்தி இருட்டு வேண்டுமென்றால் மேலே ஒரு ‘மல்டிப்ளை’ லேயர். பெயருக்கேற்ப அது நிஜமாகவே பெருக்குகிறது! கறுப்பு 0, வெள்ளை 1. 0.8-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 0.4. ஒன்றைத் தாண்டாத எண்களைப் பெருக்கினால் விடை ஏறவே ஏறாது. ஆகவே அந்த லேயர் இருட்டுமே தவிர, ஒருநாளும் வெளுக்காது. பள்ளிக்கூடத் தசமக் கணக்கு திரையில் சாயங்காலத்தைக் கொண்டுவருகிறது!

2019-ல் ‘கிளாஸ்’ வந்தபோது, இது முப்பரிமாண அனிமேஷன் என்றே பலர் நம்பினார்கள். இல்லை, கையால் வரைந்த படம்! ஸ்பெயின்காரர் செர்ஜியோ பாப்லோஸ் இயக்கியது. ஒளியும் நிழலும் விழும் வடிவங்களை ஓவியர் தீட்டிக் கொடுக்க, உருவம் அசையும்போது அவையும் கூடவே நகரும்படி பிரான்ஸில் ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். பிசகும் இடத்தில் ஓவியரின் கை திருத்தும். சிறந்த அனிமேஷன் படத்துக்கான 2020 பாஃப்டா விருது அதற்குத்தான் கிடைத்தது.

இன்னொன்று தெரியுமா? ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ஜிப்லி ஸ்டூடியோ வண்ணம் தீட்டப் பயன்படுத்திய ‘டூன்ஸ்’ மென்பொருள், 2016 முதல் ‘ஓப்பன்டூன்ஸ்’ என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசம். வீட்டுக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். துள்ளும் பந்து ஒன்றைப் பன்னிரண்டு ஓவியங்களாக வரைந்து, ஒவ்வொன்றிலும் நிழலுக்கு ஒரு நீலக் கோடு போட்டு, ஓடவிட்டுப் பாருங்கள்.